வாய் மூடிய மூன்று படங்கள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மகள் நலம், தையல் மெஷின் நலம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. போனில் கேட்டால் மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

போன வாரம் நர்ஸுகளுக்கு வெள்ளை உடுப்பு தைத்தேன். காலரில் ஒரு ரத்தப் பொட்டு. ஊசி குத்திவிட்டதோ என்று பத்து விரலையும் பார்த்தேன், ஒன்றுமில்லை. அடுத்த காலரிலும் பொட்டு. நாலாவதில்தான் உறைத்தது. கத்தரிக்கோல் மடியில் கிடந்தாலும் நூலைப் பல்லால் கடித்துத்தானே அறுப்பேன்? ரத்தம் ஈறிலிருந்து வந்திருக்கிறது.

பல் டாக்டரம்மா ஈறைப் பார்த்ததும், "மொதல்ல சுகர் பாருங்க" என்றார். பல்லைக் காட்ட வந்தால் விரலில் குத்துகிறாரே என்று எரிச்சல் வந்தது. முந்நூற்றுப் பத்து. சர்க்கரை ஏறினால் ஈறு புண்ணாகுமாம், ஈறு புண்ணானால் சர்க்கரை இறங்க அடம்பிடிக்குமாம். "ரெண்டும் ஒன்னுக்கொன்னு தூபம் போடும்மா, ஒன்ன மட்டும் பாத்தா போதாது" என்றார். எனக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று, ஈறையும் சுத்தம் செய்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் நினைப்பு வந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சுகர் இறங்கவில்லை என்றீர்கள். அதற்கு முன்பு, பிரஷ் மட்டம், தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று வேறு பிரஷ் வாங்கினீர்கள். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து, இந்த வருஷம் நீங்கள் வெளிநாட்டு வேலையிடத்திலிருந்து அனுப்பிய படங்களை வரிசையாக வைத்தேன். கிரேன் பக்கத்தில் ஒன்று, சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்று, கட்டிலில் ஒன்று. மூன்றிலும் வாய் மூடியிருக்கிறது. கேமராவைக் கண்டால் முப்பத்திரண்டையும் காட்டுகிற மனுஷன் நீங்கள். மகளைக் கேட்டேன். "அப்பாவுக்கு முன்பல்லு ரெண்டு விழுந்துடுச்சும்மா, அம்மாகிட்ட சொல்லாதேன்னாரு" என்று அழுதுவிட்டாள்.

அப்பாவும் மகளுமாகக் கூட்டுச் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். கோபத்தில் மெஷினை மிதித்து ஊசியை உடைத்தேன். பிறகு பயம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

என் ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். இதைப் படித்த கையோடு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகர் டாக்டரிடம் ஈறைச் சொல்லுங்கள், பல் டாக்டரிடம் சுகரைச் சொல்லுங்கள். பிறகு ஒரு படம் அனுப்புங்கள், வாயைத் திறந்து சிரித்தபடி. ஓட்டை தெரிந்தால் தெரியட்டும். எனக்குப் பல் வேண்டாம், ஆள் முழுசாக வந்து சேர வேண்டும்.

இனி நூலைக் கத்தரியால் மட்டுமே அறுக்கப்போகிற
உங்கள் மனைவி