ஏழு நாற்பது வண்டி

செம்பாக்கம்,
பெருநாள் கழிந்து பத்தாம் நாள்.

அன்புள்ள மச்சானுக்கு சாஹிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஸஹானாவும் உயிரோடு இருக்கிறோம். லீவு முடிந்து தம்மாம் திரும்பும் உங்கள் ரூமில் தங்கும் ஃபயாஸ் தம்பியிடம் சுகர் மாத்திரையும் இந்தக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். மனுவைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே.

ஏரியில் கட்டட இடிபாடு கொட்டுகிற லாரிக்காரன் மேல் தெருவே மனுப் போட்டதும், முதல் கையெழுத்து என்னுடையது என்பதும் உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டாம் நோன்பன்று அவன் வாசலுக்கு வந்தான். "பாப்பா இப்போ ஏழு நாப்பது வண்டியிலதானே காலேஜ் போவுது? கூட்டமா கீதாமே, பார்த்துப் போவச் சொல்லுக்கா. அந்த மனுவையும் வாபஸ் வாங்கிடு" என்றான், சிரித்துக்கொண்டே.

அப்போதுதான் பாங்கு சொன்னார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்பவரை வெறும் வயிற்றோடு அனுப்பி நமக்குப் பழக்கமில்லை. ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்துத் தொலைத்தேன். குடித்துவிட்டு, வடை இல்லையா என்று வேறு கேட்டான்.

புகார் கொடுக்கப் போன போலீஸ் ஸ்டேஷனில் அந்தக் கஞ்சிதான் என் கழுத்தைப் பிடித்தது. "மிரட்ட வந்தவனுக்குக் கஞ்சி ஊத்துவாங்களாமா? அக்கறையாத்தானே சொல்லிக்கீறாரு" என்றார்கள். பயம் காட்டி ஒரு காரியத்தைச் செய்யவைப்பதே குற்றம், கத்தி வேண்டியதில்லை என்று எதிர்வீட்டு ஜோசலின் டீச்சர் சட்டப் பிரிவைச் சொல்லி மல்லுக்கட்டினார். ஒரு ரசீது கொடுத்து, சாட்சி கொண்டு வரச் சொன்னார்கள்.

மறுநாள் போனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வயசுப் பொண்ணு ஏழு நாற்பது வண்டியில போகுது, மனுவை வாபஸ் வாங்கிடு சாஹிரா." பிடிவாதக்காரி என்றும் திட்டினீர்கள்.

மச்சான், ஸஹானா இந்த வண்டிக்கு மாற்றியதே நோன்பு பிறந்த பிறகுதான். அந்த நேரத்தை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. அவளும் சொல்லவில்லையாம், கேட்டுவிட்டேன். அப்படியானால் அவன் உங்களுக்கும் போன் போட்டுப் பேசியிருக்கிறான். அவன் அந்நியன், மிரட்டினான். நீங்கள் அதை மறைத்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பெருநாளிலிருந்து அவள் காலேஜ் போகவில்லை. இது கடைசி செமஸ்டர்.

நீங்கள் வர வேண்டாம். எந்த நம்பரிலிருந்து பேசினான், என்ன சொன்னான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எனக்கு வேறு சாட்சி இல்லை.

உன் வாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தால் சும்மா இருக்கமாட்டார் என்று ஸஹானாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அல்லாஹ் என் சொல்லைப் பொய்யாக்காமல் இருக்கட்டும்.

உங்கள்
சாஹிரா