கறுப்பின் பக்கமிருந்து

மே 6, 1986, சாந்தா கிளாரா, கியூபா

புள்ளியியல் விடைத்தாள்களில் பாதிதான் திருத்தினேன். நேற்றைய சதுரங்க ஆட்டமும் சமன். தேசியப் போட்டிக்கு மாகாணத்திலிருந்து ஒருத்திதான் போகலாம். மீதி இரண்டு ஆட்டங்களையும் நான் வெல்ல வேண்டும்; ஒன்று தவறினாலும் இலேயானா போவாள். என் மாணவி, வயது இருபத்தொன்று. எனக்கு அடுத்த ஆண்டு ஐம்பது. இதுவே கடைசி முயற்சி.

என்னோடு இத்தனை வருடம் ஆடிய தோழி மிக்தாலியா இறந்தபின் முதல் போட்டி. அவள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

மே 8

இலேயானாவுக்கு வெள்ளை. ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, "இன்னைக்காவது பாவம் பாருங்க டீச்சர்," என்றாள்.

"பரீட்சையில பார்த்தாச்சு."

இருபத்தொரு நகர்த்தல் ஆனபோது என் காய்களுக்கு அசைய இடமில்லை. முகம் கழுவிவிட்டு வந்தேன். முதலில் எழுதுவது, பிறகு காயைத் தொடுவது எங்கள் வழக்கம். என் தாளில் இருபத்திரண்டாவது நகர்த்தல் எழுதப்பட்டிருந்தது. குதிரை, ஐந்தாம் வரிசைக்கு. சும்மா தூக்கிக் கொடுக்கும் நகர்த்தல்.

ஆடினேன். அவள் வெட்டினாள். அதன்பின் அவள் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. கறுப்பு வென்றது.

"எங்கேர்ந்து பிடிச்சீங்க அதை?"

தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

மே 9

தாளில் ஐந்தாம் வரிசை என்றிருந்தது கறுப்பின் பக்கமிருந்து எண்ணும் பழைய முறை; இப்போதைய முறையில் அது நான்காம் வரிசை. எல்லோரும் வெள்ளையின் பக்கமிருந்தே எண்ணுகிறோம். நானும் மாறி ஐந்து வருடம். மிக்தாலியா மாறவில்லை. "எதிராளி பக்கத்துலேர்ந்து எண்ணணுமா? போடி நெரெய்தா. நான் உக்கார்ந்த இடத்துலேர்ந்துதான் எண்ணுவேன்."

பழைய பழக்கம். களைப்பு. கை தானாக எழுதியிருக்கும்.

மே 10

நடுவர் எலிசியோவிடம் கார்பன் நகலைக் கேட்டுப் பார்த்தேன். இருபத்தொன்று இருக்கிறது. இருபத்துமூன்று இருக்கிறது.

"நடுவுல ஒண்ணு எழுத மறந்துட்டீங்க போல. விடுங்க," என்றார்.

என் தாளில் அந்த வரி அழுத்தமாக இருக்கிறது. பின்பக்கம் விரலில் தட்டுகிறது.

நான் எழுதியிருந்தால் வெற்றி என்னுடையது. இல்லையென்றால் — யார் மேல் புகார் கொடுப்பது?

மே 11

ஆட்டம் இல்லை. பென்சில் சீவினேன்.

மே 12

கடைசி ஆட்டம். எதிரே வேறொருத்தி; எனக்கு மறுபடி கறுப்பு, மறுபடி அதே தொடக்கம். இலேயானா தேசியப் போட்டிக்குப் போகிறாள்.

"ஒரு சிப்பாய் கூடுதலா வெச்சிருந்தீங்களே டீச்சர்," என்றார் எலிசியோ. "நேரம் தீர்ந்து கடிகாரத்துல கொடி விழற வரைக்கும், நாப்பது நிமிஷம், எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

பலகையை அல்ல. தாளை. இருபத்திரண்டு என்ற எண்ணுக்கு எதிரே, கறுப்பின் கட்டத்தில், எதுவும் எழுதப்படவில்லை. இரண்டு முறை முகம் கழுவப் போய்வந்தேன்.

பென்சிலைத் தாளின் இடப்பக்கம் வைத்திருந்தேன். மிக்தாலியாவுக்கு இடக்கைப் பழக்கம்.