வெள்ளிக்கிழமைத் திரை

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்று காஜா பேராங்கில் பரமேஸ்வரி அக்காவின் சாப்பாட்டுக்கடை விளம்பரத் திரையை எங்கள் கம்பெனி நெட்வொர்க்கில் இணைத்தேன். இனி அதில் என்ன தெரிய வேண்டும் என்பதை ஆயர் குரோவில் இருக்கும் எங்கள் அலுவலகமே முடிவு செய்யும். இணைத்த மறுநிமிடமே ஆட்டுக்கறிப் பிரட்டல் படம் வந்தது, ஆவி பறக்க, சுவர் அகலத்துக்கு. அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னாம்மா இது? வெள்ளிக்கிழமை நம்ம கடையில கவுச்சியே கிடையாது, தெரியும்ல?"

உடனே மேலாளருக்குப் போன் செய்தேன். எல்லாக் கடைக்கும் ஒரே பட்டியல்தான், ஒரு கடைக்காக மாற்ற முடியாது என்றார். "சும்மா சுசா பண்ணி சிக்கலாக்காத லா. வெறும் படம்தானே?"

வெறும் படமாம்! நெற்றி நிறைய விபூதியோடு வாசல்வரை வந்த ஓர் அம்மா, திரையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். மேலாளர் ஆயர் குரோவில் இருந்தார். நான் இங்கே நின்று பார்த்தேன்.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து அந்தத் திரையைத் தனியாகப் பிரித்தேன். வெள்ளி என்றால் சைவம் மட்டும். படத்தை மாற்றும் உரிமையை அக்காவின் கைப்பேசிக்கே கொடுத்துவிட்டேன்.

மாலையில் மேலாளர் போனில் கத்தினார். "யார கேட்டு செஞ்ச?"

"கடைக்காரவங்கள கேட்டுத்தான் பாஸ்."

திங்களன்று என் பாஸ்வேர்டைப் பிடுங்குவார். பிடுங்கட்டும். நாளை மெர்டேக்கா, சுதந்திர நாள். எல்லாக் கடைத் திரைகளிலும் எங்கள் அலுவலகம் அனுப்பும் கொடி பறக்கும். அக்கா கடையில் மட்டும் அக்காவே ஏற்றுவார்.