வெள்ளம் என்று சொன்னேன்

ஜூன் 14, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடம் போகிற குன்னத்துகால் வழி முழுக்கச் சேறு, பாவாடைக் கரை போச்சு. ஆறாம் பாரம் தமிழ் வகுப்பில் பதினோரு பேர். பெண் நான் மட்டும். அண்ணன் போன வருஷம் தோற்றதால் இப்போது என்னோடு.
ரசாயனச் சமன்பாடு ஆரம்பம். இந்தப் பக்கம் எத்தனை அணுவோ அந்தப் பக்கமும் அத்தனை. வீட்டில் புளியங்கொட்டை ஹைட்ரஜன், கொல்லாங்கொட்டை ஆக்சிஜன். சாயங்காலத்துக்குள் பிடிபட்டது. சந்தோஷம்.

ஜூன் 16, புதன்
அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தே தொண்டை கட்டிவிட்டது.
"ஏட்டி, H₂-வும் O₂-வும் சேந்தா H₂O₂. ரெண்டு பக்கமும் சமமாச்சுல்லா?"
"அடியில உள்ள சின்ன நம்பரத் தொடப்பிடாது. தொட்டா புண்ணுல ஊத்துற மருந்தாக்கும் வரும். முன்னால பெரிய நம்பர் போடு."
இரண்டு கொல்லாங்கொட்டையைச் சுட்டு உடைத்து முந்திரிப்பருப்பைத் தின்றுவிட்டான். ஆக்சிஜன் குறைவு.

ஜூன் 22, செவ்வாய்
மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிக்கக் கேட்டு பனச்சமூட்டில் தமிழர் கூட்டம். அதனால் பஸ் இல்லை, பள்ளிக்கு நடை. இன்று பார்த்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். தமிழ் வகுப்பு தேவைதானா என்று பார்க்க வந்தவர். என்னை எழுப்பினார். பலகையில் எழுதினேன்: 2H₂ + O₂ = 2H₂O. ஒரு தப்பில்லை. H₂O-வைக் காட்டி, "இது எந்தா?"
"வெள்ளம்."
வாயில் வந்தது அதுதான். புத்தகத் தமிழில் வெள்ளம் ஆற்றில் பெருகி வருவது. மலையாளத்திலும் எங்கள் வீட்டிலும் குடிப்பது. அவர் சிரித்தார். சாரிடம் திரும்பி, "வெள்ளம்ந்நு பறயுந்ந குட்டிக்கு எந்தினா வேறே தமிழ் கிளாஸ்?"
சார் தலை குனிந்தார். அண்ணன் உட்பட அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். செத்துப்போகலாம் போல இருந்தது.

ஜூன் 28, திங்கள்
உத்தரவு வந்துவிட்டது. தமிழ் வகுப்பு இந்த மாதத்தோடு நிறுத்தம். வேண்டுமானால் மலையாள வகுப்பில் உட்காரலாம்.
அப்பா: "தண்ணீண்ணு ஒரு வாக்கு சொல்லப்பிடாதா மக்கா?"
சாப்பிட உட்கார்ந்ததும் அவரே, "கொஞ்சம் வெள்ளம் கொண்டா" என்றார். கொண்டுவைத்தேன். சமன்பாடு சரியாக எழுதினேனா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜூலை 1, வியாழன்
மார்த்தாண்டத்தில் தமிழ் வகுப்பு உண்டு. அங்கே சித்தப்பா வீட்டில் ஒரு ஆளுக்கு இடம் உண்டாம். ஒரு ஆளுக்குத்தான்.
நான் இங்கேயே மலையாளத்தில் படிக்கிறேன் என்றேன். "எம் பிள்ள மலையாளத்துல படிக்காண்டாம்." அப்பாவுக்கு மானம் பெரிது. இரண்டு பிள்ளை, ஒரு இடம். யோசிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன் போகிறான், நான் வீட்டில்.
ஹைட்ரஜன் புளியங்கொட்டையை அள்ளி முற்றத்தில் எறிந்தேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

ஜூலை 4, ஞாயிறு
வெயில். தலைவலி என்று சொல்லி ஆராதனைக்குப் போகவில்லை. மதியம் அண்ணன் கிளம்பினான். பெட்டியில் இரண்டு வேட்டி, பைபிள், முறுக்கு டப்பா, என் ரசாயன நோட்டு. நான் கொடுக்கவில்லை. அட்டையில் என் பெயரைக் கோடிட்டு வெட்டி அவன் பெயர் எழுதியிருந்தது. அவன் கையெழுத்து இல்லை. அம்மாவின் கையெழுத்து.
அம்மா: "ஒனக்கு இனி என்னத்துக்கு மக்கா? அவனுக்காவது ஒதவட்டு."