ராசன் சொன்ன ‘ஏலாது’

வெள்ளி, இரவு. மழை.

நித்திரை வரவில்லை. என் கதைக்கு இன்று உயிர் வந்துவிட்டது!

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட நான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், காதல் கதை எழுதுகிறேன். அதுவும் இரண்டு ஆண்களின் காதல். வள்ளத்தை நடத்தும் தண்டயல் செல்வம் அதட்ட வேண்டும். அவனோடு கடலுக்குப் போகும் முப்பது வயது ராசன் ஆசையோடு பணிய வேண்டும். எத்தனை தரம் எழுதினாலும் ராசன் மரக்கட்டையாகவே நின்றான். கிழித்துப் போடுமுன் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, காதலன் ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறான்? துறைமுகச் சென்றியில ஆமிக்காரனுக்கு முன்னால நீங்கள் சைக்கிளால இறங்கி நிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள் மங்களம்.

எனக்குத் தெரிந்த பணிவு அது ஒன்றுதான். நாள்தோறும் நீட்டிய துவக்குக்கு முன்னால் செய்வது.

"அப்ப எப்பிடி நிக்கிறதாம்?"

"அவன் ஏலாது எண்டால் மற்றவன் விடோணும். பிறகு அவனே ஓம் எண்டு வந்தால்தான் காதல்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்த வீட்டில ஆர் தண்டயல்?"

உடனே எழுதினேன். செல்வம் "இஞ்ச வா" என்றான். ராசன் "ஏலாது" என்றான். செல்வம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு வலையை மடிக்கத் தொடங்கினான். சற்றுப் பொறுத்து ராசன் சிரித்தான். தானே வந்து அவன் காலடியில் இருந்தான்.

மங்களம் விளக்கை நூர்த்துவிட்டுப் படுக்கச் சொல்கிறாள். ஏலாது என்றும் சொல்லலாம். ஓம் என்றுதான் சொல்லப்போகிறேன்.