கேலப்பின் முதலடி எந்த மண்ணில்

அன்பு மகள் வயலட்டுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஆற்றுப் பனிக்கட்டியும் உடைய மனமில்லாமல் சுகமாகத்தான் கிடக்கிறது. மாண்ட்ரியலில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கேலப்பும் நலமா?

சதுப்புநில வேட்டை முகாமுக்கு வந்து கூடாரம் போட்டாயிற்று, அம்மாவின் வலையில் மீன் விழுகிறது, காட்டுவாத்தும் வரத் தொடங்கிவிட்டது, ஆனால் எனக்குத்தான் ஒரு வாய்க் கறி இறங்கவில்லை. காரணம் உன் மாமனார் ஜெரமையா. கேலப்பைக் கூடாரத்திலிருந்து முதன்முதலாக வெளியே நடத்திக் கூட்டிவரும் நம் குலச் சடங்கு தன் முகாமில்தான் என்று நேற்று முகாம்கள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் கரை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா, "சம்பந்தி, உங்க பக்கம் வாத்து இறங்குதா? இல்லன்னா சொல்லுங்க, நாலு அனுப்பி வைக்கிறேன்" என்று நக்கல் வேறு. எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன். அவர் ஜெனரேட்டர் போடுகிற சத்தத்துக்கு அங்கே எந்த வாத்து இறங்குமாம்? பேரன் அவருக்கு மட்டுமா பேரன்? நான் கூடார வாசலைக் கிழக்கே திருப்பிப் போட்டு, பிள்ளை நடக்க எதிரே உள்ள மரம் வரைக்கும் ஊசியிலைக் கிளை பரப்பி வைத்திருக்கிறேன். அம்மாவோ, "அவன் நடக்கப்போறது நாலு எட்டு, நீங்க கல்யாணமே நடக்குற மாதிரி குதிக்கிறீங்க" என்று சிரிக்கிறாள்.

இன்று காலை பனிவண்டியில் வந்த உன் தம்பி, நீ அனுப்பிய படத்தைக் கைபேசியில் காட்டினான். உன் வீட்டு வாசல் சிமெண்டு நடைபாதையில் கேலப் சிவப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு யார் கையையும் பிடிக்காமல் நிற்கிறான். சடங்குக்கு முன்னால் வெளியே தரையில் பிள்ளை கால் படக் கூடாது என்பது உனக்கு எப்படியம்மா மறந்தது? கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. நேற்றெல்லாம் ஜெரமையாவைப் பார்த்துப் புகைந்தேன், இப்போது அந்தச் சிமெண்டைப் பார்த்துப் புகைகிறேன். நாங்கள் இரண்டு கிழவர்களும் எந்த முதலடிக்கு அடித்துக்கொண்டோமோ, அது அந்தச் சிமெண்டுக்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது. அம்மாவிடம் மூச்சு விடவில்லை, தம்பியையும் படத்தை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

இனி நான் சண்டை போடப்போவதில்லை, சடங்கு ஜெரமையா முகாமிலேயே நடக்கட்டும். நீங்கள் இங்கே வரும்வரை பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மறந்தும் உன் மாமனாரிடம் அந்தப் படத்தைக் காட்டிவிடாதே. பேரனின் முதலடி தன் மண்ணில்தான் விழுந்தது என்று அவராவது சந்தோஷமாக இருக்கட்டும்.

உன் அப்பா,
ஏலி