கேமராவில் தெரிந்த புத்தகம்

செவ்வாய், இரவு.

மத்தியானம் என் கடையில், அங்கே வேலை பார்க்கும் நூர்ஜஹான் ஒரு நாவல் வாசித்துக்கொண்டிருந்தாள். மக்களை ஓயாமல் வேவு பார்க்கும் அரசாங்கத்தின் கதை. கல்லூரிக் காலத்திலிருந்து எனக்கு உயிர். சாயங்காலம் கோரிப்பாளையத்தில் இருக்கும் கடைக்குப் போனதும் ஆசையாகக் கேட்டேன்.

"அந்த நாவல் எம்புட்டு முடிச்சிருக்க?"

அவள் முகம் மாறியது. "மத்தியானம் நீங்க வீட்லதான இருந்தீக, அக்கா?"

என் கண் தானாகக் கடையில் மாட்டியிருந்த கேமராவுக்குப் போனது. வீட்டிலிருந்தே போனில் அவளைப் பார்த்ததும், அட்டை தெரியப் பெரிதாக்கியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இனிமே கடையில வாசிக்க மாட்டேன்க்கா."

"உன்னைய வையல நூரு. எனக்கும் பிடிச்ச கதை."

அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள்.

வாசிக்கும்போதெல்லாம் அதில் மாட்டிக்கொள்கிறவனுக்காக அழுதிருக்கிறேன். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.